மண்ணை வாசிக்கத் தெரிந்தவர்கள்

ஒரு நூலைப் பிழையாக வாசிப்பதால் விளையும் தீங்கு பெரும்பாலும் வாசித்தவரோடு முடிந்துவிடும். ஒரு நிலத்தைப் பிழையாக வாசிப்பதால் விளையும் தீங்கோ அந்நிலத்தில் உழைத்து உண்போரின் தலைமேல் வந்து இறங்கும். வாசித்தவர் பெரும்பாலும் வேறோர் ஊரில் இருப்பார். அவருக்கு அதனால் இழப்பு எதுவும் இராது.

இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு நூல். ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்னும் ஆங்கிலேய மானிடவியலாளர் இருவர் எழுதி, 1996-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'மிஸ்ரீடிங் தி ஆஃப்ரிக்கன் லேண்ட்ஸ்கேப்' என்பதே அது. 'ஆப்பிரிக்க நிலத்தைப் பிழையாக வாசித்தல்' என அதன் தலைப்பைத் தமிழில் தரலாம். அது வெளிவந்து நெடுநாள் ஆயிற்று. புதிய நூல்கள் பல இருக்க, பழைய நூல் ஒன்றை இப்பொழுது எடுத்துப் பேசுவானேன் என வாசகர் வினவலாம். மண் வளம் குன்றுகிறது என்னும் கவலை இன்று எங்கும் ஒலிக்கிறது. 2015-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டு மண் ஆண்டாக அறிவித்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 5-ஆம் நாள் உலக மண் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இக்கவலை நியாயமானதே. ஆனால் மண் கெட்டது என்று சொல்லும்போதெல்லாம் அதைக் கெடுத்தவர் யார் என்னும் கேள்வியும் உடன் எழுகிறது. விடையாக முதலில் நீளும் விரல், பெரும்பாலும் ஏழை உழவரையே சுட்டுகிறது. அந்த விரலைச் சற்று நிறுத்தி வைக்கச் சொல்கிறது இந்நூல். ஆகவே இது நமக்கு இன்றும் தேவையானது.

காட்டுத் தீவுகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி என்றொரு நாடு உண்டு. 1958-இல் பிரான்சின் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. அதன் தென்கிழக்கே கிசிடூகு என்னும் மாவட்டம் உள்ளது. கிசி, குரான்கோ என்னும் மொழிகளைப் பேசும் இனத்தார் அங்கு நெல்லும் பிற தவசங்களும் பயிரிட்டு வாழ்கின்றனர். அம்மாவட்டத்தின் நிலத்தோற்றம் விந்தையானது. பரந்து கிடக்கும் புல்வெளி. இடையிடையே சில மரங்கள். அப்புல்வெளியின் நடுவே ஆங்காங்கு வட்டமாக அடர்ந்த காடுகள். கடலில் தீவுகள் போல அவை நிற்பதால் அவற்றைக் 'காட்டுத் தீவுகள்' என்றே நூலாசிரியர்கள் அழைக்கின்றனர். ஒவ்வொரு காட்டுத் தீவின் நடுவிலும், பெரும்பாலும், ஓர் ஊர் ஒளிந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதிக்கு வந்த பிரெஞ்சுத் தாவர அறிஞர்களும் ஆட்சியாளர்களும் இந்நிலத்தைப் பார்த்தனர். அவர்களுள் ஒகுஸ்த் ஷெவாலியே புகழ்பெற்றவர். அவர்கள் கண்ட காட்சியிலிருந்து ஒரு கதையைப் புனைந்துகொண்டனர். முன்னொரு காலத்தில் இந்நிலம் முழுவதும் காடாக இருந்தது, அறியாமை மிக்க மக்கள் காட்டை வெட்டியும் எரித்தும் பயிரிட்டனர், மண் வறண்டது, காடு புல்வெளியானது, எஞ்சி நிற்பவையே இத்தீவுகள் என்பது அக்கதை. ஊரைச் சுற்றி மட்டும் காடு எஞ்சியது ஏன் என்பதற்கும் அவர்களிடம் விடை இருந்தது. நிழலுக்கும் காவலுக்கும் வேண்டும் என்று ஊரார் அதை மட்டும் விட்டு வைத்தனர் என்றனர்.

இக்கதை சட்டமாயிற்று. காட்டை ஊராரிடமிருந்து காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு எனப்பட்டது. புல்லுக்குத் தீ வைப்பது குற்றமாயிற்று. மரம் வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. குடியேற்ற ஆட்சி முடிந்து தன்னாட்சி வந்த பின்னரும் கதை மாறவில்லை, தண்டனை குறையவுமில்லை. பின்னர் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் வந்தன. அவையும் அதே கதையைத் தம் திட்ட அறிக்கைகளின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டன. ஏறத்தாழ நூறு ஆண்டுகள், மூன்று வகை அதிகாரங்கள், ஒரே கதை.

ஊரார் சொன்னது

ஃபேர்ஹெட்டும் லீச்சும் 1990-களின் தொடக்கத்தில் அங்குச் சென்று ஊர்களில் தங்கினர். தொமினிக் மில்லிமூனோ, மாரி கமானோ என்னும் கினி நாட்டு ஆய்வாளர் இருவர் உடன் உழைத்தனர். அவர்கள் செய்தது எளிய செயல். முதியோரிடம் சென்று, "உங்கள் ஊர் தோன்றியபோது இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டனர். விடை, அறிக்கைகளில் இருந்ததற்கு நேர் எதிராக வந்தது. "புல்வெளிதான் இருந்தது. எங்கள் முன்னோர் வந்து குடியேறிய பின்னரே காடு உண்டாயிற்று" என்னும் பொருள்பட ஊருக்கு ஊர் முதியோர் கூறினர்.

காட்டை எவ்வாறு உண்டாக்கினர்? நூலின் மிகச் சிறந்த பகுதி இதுதான். காடு வளர்ப்புக்கென்று அவர்கள் தனித் திட்டம் எதையும் தீட்டவில்லை. அன்றாட வாழ்வே காட்டை வளர்த்தது. கூரை வேயவும் வேலி கட்டவும் ஊரைச் சுற்றியுள்ள புல்லை அறுத்தனர். அதனால் கோடையில் தீ பரவ எரிபொருள் இல்லாமற் போயிற்று. ஊர் ஓரத்தில் மாடுகளைக் கட்டினர். அவை புல்லை மேய்ந்து எருவை இட்டன. புல் முற்றிக் காயும் முன்பே, ஈரம் உள்ளபோதே, சிறிய தீ வைத்து எரித்தனர். பின்னாளில் பெருந்தீ வந்து ஊரை விழுங்காதிருக்க அதுவே அரண். சண்டைகள் மலிந்திருந்த காலத்தில் இலவ மரங்களை நெருக்கமாக நட்டு ஊருக்குக் கோட்டையாக்கினர். பின்னர் அம்மரங்களின் நிழலில் கோலா மரமும் காப்பிச் செடியும் வைத்தனர்.

மண்ணைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த அறிவு மேலும் நுட்பமானது. பெண்கள் வீட்டை ஒட்டிய தோட்டங்களில் புல்லை வெட்டிப் புதைத்து, அதன்மேல் மண்ணைக் குவித்து மேடாக்கிப் பயிரிட்டனர். அடுப்புச் சாம்பலும் குப்பையும் அம்மண்ணிலேயே சேர்ந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிய மண் இளகியது, நீரை உள்வாங்கியது, நெய்ப்புக் கண்டது. அத்தகைய மண்ணை அவர்கள் பக்குவப்பட்ட மண்ணாகக் கருதினர். காய் பழுப்பது போல மண்ணும் மனிதக் கையால் பழுக்கிறது என்பது அவர்தம் எண்ணம். பழுத்த மண்ணை உழாது விட்டால் அங்கே புல் மீளாது, மரமே முளைக்கும். ஆகவே இவர்கள் உழுதுவிட்ட இடத்தில் காடு வந்தது. உழவு காட்டை அழிக்கும் என்னும் பொதுவிதி அங்குத் தலைகீழாயிற்று.

வாய்மொழியை மட்டும் நம்பி நூலாசிரியர்கள் நின்றுவிடவில்லை. 1952-இல் வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படங்களையும், 1989, 1990 ஆண்டுகளை ஒட்டிச் செயற்கைக்கோள் எடுத்த படங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டனர். காட்டுத் தீவுகள் பெரும்பாலும் சுருங்கவில்லை. நிலையாக நின்றன, பல ஊர்களில் விரிந்திருந்தன. புல்வெளியிலும் பல இடங்களில் மரங்கள் கூடியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற பயணிகளின் குறிப்புகளையும் தேடிப் பார்த்தனர். அவற்றிலும் பெருங்காடு இல்லை, புல்வெளியே இருந்தது. முதியோர் சொன்னது மெய் என நிறுவப்பட்டது.

பிழை எங்கே நேர்ந்தது?

அறிஞர்கள் அறிவிலிகளாக இருந்ததால் இப்பிழை நேரவில்லை. தாவரங்களின் பெயரும் இயல்பும் அவர்களுக்கு நன்கு தெரியும். பின் எவ்வாறு பிழைத்தனர்?

குருமடத்தில் விவிலிய விளக்கவியல் பயின்றபோது எங்கள் பேராசிரியர் ஓர் எச்சரிக்கையை ஓயாது சொல்வார். பாடத்திலிருந்து பொருளை வெளியே எடுப்பது ஒன்று. நாம் கொண்டுவந்த பொருளைப் பாடத்துக்குள் திணிப்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்பவருக்குத் தாம் அதைச் செய்வதே தெரியாது. முதலாவதைச் செய்வதாகவே எண்ணுவார். ஒரு பகுதியை அது பிறந்த வாழ்வுச் சூழலிலிருந்து பிரித்து வாசித்தால் இப்பிழை தப்பாது நேரும். கினி நாட்டில் நேர்ந்ததும் இதுவே. அறிஞர்கள் ஒரு கணத்தின் காட்சியைக் கண்டனர். ஒரு கணத்தின் காட்சியில் காலம் இல்லை. காடு வளர்கிறதா தேய்கிறதா என்பதை அக்காட்சி சொல்லாது. பாதி நிரம்பிய குடத்தைக் காண்பவர், அது நிரம்பிக்கொண்டிருக்கிறதா வடிந்துகொண்டிருக்கிறதா என்பதைப் பார்வையால் மட்டும் எப்படி அறிவார்? வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் கேட்கவில்லை. வீட்டார்தாம் குற்றவாளிகள் என்று முன்னரே முடிவாகிவிட்டதால், அவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

மற்றொன்றையும் நூலாசிரியர்கள் சுட்டுகின்றனர். என் நெஞ்சை மிகவும் உறுத்தியது அதுவே. அதிகாரிகள் வந்து கேட்டபொழுது ஊராரும் சில வேளை, "ஆம், நாங்கள்தாம் காட்டை அழித்தோம்" என்றே விடையளித்தனர். அப்படிச் சொன்னால் வந்தவர் மகிழ்வார், திட்டம் வரும், சாலையோ கிணறோ கிடைக்கக் கூடும். பள்ளிக்கூடமும் வானொலியும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தன. தன் கையால் காடு வளர்த்த ஒருவர், காடழித்த குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார். செய்யாத பாவத்தை அறிக்கையிட வைப்பது எவ்வளவு பெரிய வன்முறை! ஒப்புரவு அருட்சாதனத்தில் ஆண்டாண்டாய் அமர்ந்திருக்கும் என் போன்றோர்க்கு இது புரியும். தாம் செய்யாததையும் தம் குற்றமென எண்ணி நொந்து வருவோரை நான் கண்டிருக்கிறேன். வறியோர்க்கு அப்பழக்கம் எளிதில் ஊட்டப்பட்டுவிடுகிறது.

தனித்த நிகழ்வா?

கிசிடூகு ஒரு விதிவிலக்காக இருக்கலாம் எனச் சிலர் கருதக்கூடும். ஃபேர்ஹெட்டும் லீச்சும் 1998-இல் மற்றொரு நூலில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஆறினை எடுத்து, காடழிவு பற்றிய கணக்குகள் அங்கும் பலவாறு மிகைப்பட்டுள்ளதைக் காட்டினர். கிழக்கே கென்யாவில் மசாக்கோஸ் என்னும் மாவட்டம் மற்றொரு சான்று. 1930-களில் ஆட்சியாளர் அதன் மண்ணரிப்பைக் கண்டு, இந்நிலம் இனித் தேறாது என அஞ்சினர். மக்கள் பெருகினால் நிலம் முற்றும் அழியும் என்றனர். அடுத்த அறுபது ஆண்டுகளில் மக்கள்தொகை ஐந்து மடங்குக்கும் மேலாயிற்று. அதே காலத்தில் உழவர்கள் சரிவுகளில் வரப்புப் படிகள் அமைத்தும் மரம் வைத்தும் மண்ணைப் பிடித்து நிறுத்தினர். மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர், ஃபிரான்சிஸ் கிச்சூக்கி என்னும் மூவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

மண்ணைப் பழுக்க வைக்கலாம் என்னும் கருத்துக்கும் பின்னர் அறிவியற் சான்று கிடைத்தது. லைபீரியா, கானா நாடுகளில் ஊர்களைச் சுற்றியுள்ள கரிய மண்ணை ஆராய்ந்து 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஃபேர்ஹெட்டும் லீச்சும் அந்த ஆய்வுக் குழுவினர். சாம்பல், அடுப்புக்கரி, எலும்பு, சமையற் கழிவு ஆகியவற்றைப் பெண்கள் நெடுங்காலம் இட்டு வந்ததால், அடுத்துள்ள செம்மண்ணைவிடப் பன்மடங்கு கரிமச் செறிவு அதில் உள்ளதென அளந்து காட்டினர். வெப்ப மண்டலத்தின் வெளுத்த மண் மனிதக் கை பட்டுக் கருத்திருந்தது.

இருப்பினும் பழைய கதைக்கு ஆயுள் அதிகம். 2013-ஆம் ஆண்டு இறுதியில் கிசிடூகுவுக்கு அண்டையிலுள்ள கெக்கெடூ மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எபோலா நோய் தொடங்கியது. அடுத்த ஈராண்டுகளில் 11,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் ஏடுகள் பலவும், மக்கள் காட்டை அழித்ததனால்தான் நோய் வந்தது என்று எழுதின. நூல் வெளிவந்து பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. சான்று காட்டி மறுத்த பின்னரும் ஒரு கதை உயிரோடிருக்கிறது என்றால், அக்கதையால் யாருக்கோ பயன் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நூலின் குறைகள்

இத்தனை பாராட்டுக்குரிய நூலிலும் நான் நிறைவுறாத இடங்கள் உண்டு. அவற்றை மறைப்பது திறனாய்வுக்கு அழகன்று.

முதலாவது, காடு எவ்வளவு என்பதை நூல் நன்கு அளக்கிறது. எத்தகைய காடு என்பதை அதே கூர்மையுடன் அளக்கவில்லை. காப்பியும் கோலாவும் நிறைந்த தோப்பு, வானிலிருந்து எடுத்த படத்தில் பெருங்காட்டைப் போலவே கறுத்துத் தோன்றும். தரையில் நிற்பவர்க்கு இரண்டும் ஒன்றல்ல. இதையும் படங்களை வாசித்த முறையையும் பிற ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கியுள்ளனர்.

இரண்டாவது, 'ஊரார்' என்னும் சொல். ஊர் என்பது ஒரே குரலில் பேசுவதில்லை. நிலமுடையவர், இல்லாதவர், வந்தேறியவர், மணமாகி வந்த பெண் என்று குரல்கள் பல. ஒருவருக்கு வளமாகும் மரம் வேறொருவருக்குத் தடையாகலாம். நூலாசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பெண்களின் தோட்டங்களைப் பற்றிச் சிறப்பாகவே எழுதுகின்றனர். எனினும் அதிகாரிகளுக்கு எதிரே ஊரை நிறுத்தி வாதாடும் வேகத்தில், ஊருக்குள் உள்ள பிளவுகள் ஓரங்கட்டப்படுகின்றன.

மூன்றாவது, நூலின் குறை என்பதைவிட நூலைக் கையிலெடுப்போரின் குறை. உழவர் சொல்வது எல்லாம் சரி, மண் எங்கும் கெடவில்லை என்னும் முடிவுக்குச் சிலர் தாவுகின்றனர். இந்நூல் அதைச் சொல்லவில்லை. மண் கெடுகிறது, அதை உழவரும் கெடுப்பதுண்டு. 1930-களில் அமெரிக்கச் சமவெளிகளில் எழுந்த மாபெரும் புழுதிப் புயல்கள் இதற்குச் சான்று. அங்கு உழுதவர்கள் புதிதாகக் குடியேறியவர்கள். அப்புல்வெளி மண்ணோடு அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம் இல்லை. கலப்பை சென்ற வழியில் மழையும் வரும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. புல்வேரைப் பிடுங்கினர்; வறட்சி வந்தது; மண் பறந்தது. ஆகவே மண்ணறிவு உழவர் என்னும் பெயரோடு தானாக வருவதன்று. ஒரே மண்ணில் நீண்ட காலம் நின்று, பிழை செய்து, அப்பிழையின் விளைவைத் தானே உண்டு கற்பது அது.

இறுதியாக ஒன்று. இதை நூலின் குறை என்பதா, நம் காலத்தின் குறை என்பதா எனத் தெரியவில்லை. முதியோரின் சொல் மெய்யென்று உலகம் ஒப்புக்கொண்டது எப்பொழுது? விண்ணில் சுற்றும் கோள் ஒன்று படம் எடுத்துக் காட்டிய பின்பு. அப்படம் இல்லாதிருந்தால் அவர்கள் சொல் என்னவாகியிருக்கும்? படம் எடுக்கப்படாத ஊர்களின் முதியோர் சொல் இன்று என்னவாயிருக்கிறது? இக்கேள்வியை நூல் எழுப்பாமல் விடுகிறது. நாம் விட்டுவிடலாகாது.

எனக்கு நேர்ந்தது

இந்நூலை நான் படித்தபொழுது பிரெஞ்சு அதிகாரிகளை நோக்கிக் கல்லெறிய என் கை எழவில்லை. காரணம் உண்டு.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் தெற்கே ஒரு கரிசற் பங்கில் பணியாற்றினேன். கோவிலுக்குச் சொந்தமாகச் சிறிது மானாவாரி நிலம் இருந்தது. பருத்தியும் உளுந்தும் சோளமும் மாறி மாறி விளைந்து வந்தது, வருவாய் குறைவு. அந்நிலத்தை ஆண்டு முழுதும் பசுமையாக்கி, அவ்வருவாயில் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தலாம் என்பது என் ஆசை. ஆழ்துளைக் கிணறு தோண்டினோம். தண்ணீர் கிடைத்தது. அன்று திருப்பலியில் நன்றி கூறினோம்.

நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்து வந்த பெரியவர் ஒருவர் அத்தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். வாய்க்கால் ஓரத்தில் காய்ந்த இடத்தைக் காலால் தேய்த்துப் பார்த்தார். "சாமி, இது மழைத் தண்ணி குடிச்சு வளந்த மண்ணு. இந்தத் தண்ணியக் குடுத்தா மண்ணு மூச்சடைச்சிப் போகும்" என்றார். நான் சிரித்தேன். தண்ணீரை வேண்டாம் என்று சொல்லும் உழவரை அதற்கு முன் நான் கண்டதில்லை. படிப்பறிவில்லாதவர், பழமையில் ஊறியவர் என எண்ணினேன். அடுத்த ஞாயிறு மறையுரையில் விதைப்பவர் உவமையை எடுத்துக்கொண்டு, புதியதை ஏற்காத நெஞ்சம் வழியோர நிலம் போன்றது என்று பொதுவாகப் பேசுவது போல அவரையே பேசினேன். அவர் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆண்டுகள் நன்றாகவே விளைந்தது. மூன்றாம் ஆண்டு நிலம் மாறத் தொடங்கிற்று. கோடையில் வாய் பிளந்து, மழைக்கு முன் பொலபொலவென உதிரும் கரிசல், பாளம் பாளமாக இறுகி நின்றது. நனைந்தால் சோப்பு போல வழுக்கியது. நீர் கீழே இறங்காமல் மேலேயே தேங்கியது. ஆங்காங்கே வெண்பூ பூத்தது. மண்ணை ஆய்வுக்கு அனுப்பினேன். களராகி விட்டது என்று முடிவு வந்தது. கிணற்று நீரில் இருந்த சோடியம் உப்பு களிமண்ணின் துகள்களைப் பற்றிக்கொண்டு, அவற்றைத் தனித்தனியே பிரித்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிட்டது என்று விளக்கினர். காற்றும் நீரும் உட்புக வழியில்லை. மூச்சடைத்துப் போயிற்று.

பெரியவர் சொன்ன அதே சொல்லை ஆய்வுக்கூடம் வேறு மொழியில் சொன்னது. ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே கூறினார். அவரிடம் கட்டணமும் இல்லை.

அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "மண்ணு மனுசன் மாதிரி சாமி, நாளாகும், திரும்பி வரும்" என்றார். என் மறையுரையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவர் சொற்படி பம்பை நிறுத்தினோம். ஆய்வுக்கூடத்தார் சொன்னபடி ஜிப்சம் இட்டோம். இதைப் பெரியவர் அறிந்திருக்கவில்லை, ஆயினும் கேட்டதும் ஏற்றுக்கொண்டார். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். கோடைதோறும் ஆட்டுக்கிடை போட்டார். ஐந்தாம் ஆண்டு, நான் அப்பங்கை விட்டு மாற்றலாகும் வேளையில், நிலத்தில் முதல் வெடிப்புகள் தெரிந்தன. அவர் என்னை அழைத்துச் சென்று காட்டினார். புதிதாகப் பேசத் தொடங்கிய குழந்தையைக் காட்டும் தாத்தாவின் முகம் அன்று அவருக்கு.

கிசிடூகு மக்களுக்குச் சாட்சி சொல்ல வானிலிருந்து படம் வந்தது. எனக்குக் கெட்டுப்போன ஒரு நிலமே சாட்சியாக வேண்டியிருந்தது. விலை என்னவோ ஒன்றுதான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காததற்குச் செலுத்திய விலை.

என்ன கற்கிறோம்?

உழவரே அனைத்தும் அறிவார் என்று தொழுவது ஒரு வழி. அவர் ஒன்றும் அறியார் என்று ஒதுக்குவது மற்றொரு வழி. இரண்டும் அவரோடு உட்கார்ந்து பேசும் உழைப்பிலிருந்து நம்மை விடுவிக்கின்றன. அதனாலேயே இரண்டும் நமக்கு எளிதாக இருக்கின்றன. என் நிலம் தேறியது பெரியவரின் கிடையாலும் ஆய்வுக்கூடத்தின் ஜிப்சத்தாலும் சேர்ந்தே. இருவரும் ஒரே வரப்பில் நின்று பேசியிருந்தால் நிலம் கெட்டே இராது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலிலும், பெருந்திட்டங்கள் தொல்குடிகளின் நிலத்தைத் தொடும்போது அம்மக்களையே முதன்மையான உரையாடல் துணைவராகக் கொள்ள வேண்டும் என்னும் கருத்து உண்டு. துணைவர் என்னும் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். கருத்துக் கேட்கப்பட்டவர் என்பதோ பயனாளி என்பதோ அதற்கு ஈடாகாது.

ஃபேர்ஹெட், லீச் நூல் ஆங்கிலத்தில், ஆய்வு நடையில் அமைந்தது, படிக்க எளிதன்று. இதைச் சுருக்கியேனும் தமிழில் தருவார் உண்டெனில் நம் வேளாண் மாணவர்க்கும் சமூகப் பணியாளர்க்கும் பெரும்பயன் விளையும். குருமட மாணவர்க்கும் அது பயன்படும் என்பது என் துணிபு. நாளை அவர்களும் ஏதோ ஓர் ஊரின் நிலத்தைப் பார்த்து, இரண்டாம் நாளே அதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

அந்தப் பெரியவர் இப்பொழுது இல்லை. சென்ற ஆண்டு அவ்வழியே போக நேர்ந்தபொழுது நிலத்தைப் பார்க்க இறங்கினேன். உளுந்து நின்றது. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் நொறுக்கினேன், உதிர்ந்தது. விதைப்பவர் உவமையை அதன்பின் எத்தனையோ முறை மறையுரையில் எடுத்திருக்கிறேன். நிலங்களின் வகையைச் சொல்லும் இடம் வந்தால் மட்டும், எதிரே அமர்ந்திருப்போரில் எனக்குக் கற்றுத்தரக் கூடியவர் யாரென்று ஒருமுறை பார்த்துவிட்டே தொடர்கிறேன்.